கோட்டுக்கு வெளியே ஒரு நூல்

“பேசாத. பேசினா கோடு போயிரும்” என்றாள் ஹெப்சி.

சுகிர்தா எங்கே பேசினாள்? காலையிலிருந்தே வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரிதான் இருக்கிறாள். அவளைத் தன் மாடிப் பார்லர் நாற்காலியில் சாய்த்து, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, தாடைக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தாள் ஹெப்சி. அந்த விரலில் பவுடர் வாசனைக்கு அடியில் காலையில் நறுக்கிய வெங்காயம் மணந்தது. பென்சில் இடது வாயோரத்தில் ஆரம்பித்து மெதுவாக ஊர்ந்து வந்தது. உதட்டின் சொந்தக் கோட்டின் மேல் அது போகாது, அதற்கு வெளியே ஒரு நூல் தள்ளிப் போகும். ஒரு நூல்தான். அதைத் தாண்டினால் சர்க்கஸ் கோமாளி, உள்ளே வந்தால் பழைய சுகிர்தா. இது ஹெப்சியே சொன்ன வாக்கு, சொல்லிவிட்டு அவளே சிரித்தும் கொண்டாள், அப்போது சுகிர்தாவும் கூடச் சிரித்தாள், அன்று என்னத்துக்குச் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் காது சூடாகிறது. வியாழக்கிழமை கல்யாணம், இன்று மாப்பிள்ளையோடு போய்ப் பத்திரிகை கொடுக்க வேண்டும். நாளை ஞாயிறு, கோயிலில் மூன்றாவது ஓலை. முதல் இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை சொல்ல வேண்டியவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று குருவானவர் கேட்பார், சபை கம்மென்று இருக்கும், எங்காவது ஒரு பிள்ளை மட்டும் அழும். இரண்டு வாரமும் அந்த ஒரு நிமிஷம் சுகிர்தா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முப்பத்து நாலு வயதில் யார் தடை சொல்ல வரப்போகிறார்கள்? இருந்தாலும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்சிதான் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெப்சி அவளுடைய அண்ணன் ஜோயலின் மனைவி. அதற்கு முன்னால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அண்ணனைக் கட்டிக்கொண்டதால் மைனியாகிப் போனாள், ஆனால் அந்த மைனியெல்லாம் நாலு பேர் முன்னால்தான். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் இவள் அவளுக்கு ஏட்டி, அவள் இவளுக்கு ஏட்டி. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தனியாக இருக்கும்போது மைனி என்று வாய் வந்ததில்லை.

“கீழ் உதட்டை லேசா வெளிய விடு ட்டி. ஆங், அப்பிடித்தான்.” கீழ் உதடு வெளியே வந்தது. சொன்னதைக் கேட்கும் உதடு, கழுதை மாதிரி. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறையில் ஞானசெல்வம் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒங்க மைனி பெரிய ஆளாயிட்டாவ போல, பாத்தியளா?” என்று போனை நீட்டினாள். டப்பாவில் புளிச்சோறு. துவையலைத் தொட்டு ஒரு வாய் வைத்திருந்தாள். போனில் ஹெப்சி, இதே கண்ணாடிக்கு முன்னால், இதே நீலச் சுடிதாரில், மெல்லிய உதட்டைப் பெரிதாகக் காட்ட ஐந்து வழி என்று ஆரம்பித்தாள். முதலில் ஒரு படம் வந்தது. மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே, வெறும் வாய். கண் இல்லை, நெற்றி இல்லை, பெயர் இல்லை. உள்ளே இழுத்துக்கொண்ட ஒரு வாய், இடது ஓரத்தில் அம்மை போட்ட குழி ஒன்று. அந்தக் குழியில் சுகிர்தா சின்ன வயதில் நாக்கு நுனியை வைத்து வைத்துப் பார்ப்பாள். ஞானசெல்வத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? தன் வாயைத் தானே வெட்டியெடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினால் பெற்ற தாய்க்குத்தான் அடையாளம் தெரியும், பெற்ற தாய் போய்விட்டாள். படத்துக்கு மேலே ஹெப்சியின் குரல் குதித்துக்கொண்டு வந்தது: “நம்மள்ல சில பேருக்கு உதடு இப்பிடி தபால் பெட்டி வாய் மாதிரி இருக்கும். கவலைப்படாதீங்க!” கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒருத்தன், இந்தப் பெட்டியில் கடுதாசி போட்டால் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தான். ஹெப்சி அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாள். புளிச்சோற்று டப்பாவை மூடினாள். “நல்லாப் பண்ணுதாவ” என்றாள் சுகிர்தா ஞானசெல்வத்திடம். அப்படித்தான் சொன்னாள், சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மணி அடித்துவிட்டது, நாலாம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தப் போனாள்.

படம் கூடப் பரவாயில்லை. படத்தை விடு, விட்டுவிடலாம், படம் எடுத்தவள் போட்டாள், தொழில் என்றால் ஆயிரம் இருக்கும். அந்த வார்த்தைதான். தபால் பெட்டி வாய். அந்த வார்த்தை எட்வின் அம்மாவுடையது. மூன்று வருஷமாக அந்த அம்மாளின் பெயரில் மனசுக்குள் பட்டா போட்டுக் கொடுத்திருந்த வார்த்தை. எட்வினுக்கு நாக்பூரில் ரயில்வே வேலை, ஹெப்சியின் சித்தி வழியில் வந்த சம்பந்தம். ஒரு ஞாயிறு சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா முதலூர் அல்வா வாங்கி வந்திருந்தாள், பொட்டலத்தைப் பிரித்துத் தன் கையாலேயே சுகிர்தாவுக்கு ஒரு துண்டு கொடுத்தாள், உன் கை ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கு என்று கேட்டு இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள். உள் அறையில் பாரிசவாயு வந்து படுத்திருந்த அம்மாவைப் போய்ப் பார்த்தாள், கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். எட்வின் ஜன்னலோரம் நின்று, நாக்பூரில் ஆரஞ்சு மலிவு என்று சொன்னான், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் மறுபடியும் ஆரஞ்சைப் பற்றியே சொன்னான். அன்று ராத்திரி ஆரஞ்சை நினைத்துக்கொண்டு தூங்கினாள் சுகிர்தா. புதன்கிழமை அடுப்படியில் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஹெப்சி வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். “அந்தம்மாவுக்குத்தான் புடிக்கலியாம் ட்டி. தபால் பெட்டி வாய் மாதிரி உதடுன்னு சொன்னாவளாம். விட்டுத் தள்ளு, அவிய மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்?” கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள்! அல்வாவைக் கொடுத்தது வாயைத் திறக்க வைத்துப் பார்க்கத்தான். கையைத் தேய்த்தது கிட்டத்தில் வந்து பார்க்கத்தான். அம்மாவைப் பார்க்கப் போனதும் அதற்குத்தான், ஏனென்றால் அம்மாவுக்கும் அதே வாய், அதே கோடு, வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட கோடு. இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று மூலத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஒரு நல்ல மனுஷி செய்த ஒவ்வொன்றையும் மூன்று வருஷம் உட்கார்ந்து நஞ்சாக மாற்றி வைத்திருக்கிறாள் சுகிர்தா. அந்த மனுஷி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையென்றால்? இந்த இடத்தில் வந்து யோசனை முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது, நேற்றிலிருந்து இதே இடம்.

பென்சில் போய் பிரஷ் வந்தது. குளுகுளுவென்று ஏதோ தடவினாள் ஹெப்சி, தடவின இடம் சுரீரென்றது. “கறுவாப் பட்ட எண்ணெய் ட்டி. லேசா எரியும். எரிஞ்சாத்தான் ரத்தம் வந்து உதடு உப்பும்.” எரியட்டும். எரிச்சல் சுகிர்தாவுக்குப் புதிதில்லை. சீனியையும் தேனையும் குழைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தது உண்டு, தேய்த்துத் தேய்த்து உதடு புண்ணாகி ரசம் பட்டால் துள்ளினாள். இஞ்சிச் சாறு தடவினாள். மிளகாய் விதையை நெய்யில் போட்டுத் தடவினாள், அன்று பாத்ரூமில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்று கூப்பிட்டாள், ஆண்டவர் வேறு யாருக்கோ வேலையாக இருந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த சில்வர் தம்ளர். சின்னத் தம்ளரை வாயில் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் உதடு வீங்கும் என்று எங்கோ பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை அப்படியே பிடித்தாள். உதடு வீங்கியது, நிஜம். உதட்டைச் சுற்றி வட்டமாக நீலமும் பாரித்தது, பார்த்தால் தாடி முளைத்த மாதிரி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பல்வலி என்று சொல்லிப் பாடம் நடத்தினாள், பிள்ளைகள் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், தன் வாயை மூடத் தம்ளர் தேடின பெண் இவள் ஒருத்திதான். ஒரு ஊசி போட்டால் ஆறு மாசம் நிற்கும், மதுரையில் போடுகிறார்கள் என்று ஹெப்சி இரண்டு தடவை சொன்னாள். அம்மாவை விட்டுவிட்டு எப்படி ஒரு நாள் முழுக்கப் போவது என்று இவள் போகவில்லை. அம்மா போன பிறகு ஊசி என்றால் பயமாக இருந்தது. நாலு மாசத்தில் ஜெபசிங் வந்துவிட்டான். துறைமுகத்தில் வேலை, அமைதியான ஆள், அண்ணனும் ஹெப்சியும் ஓடி ஓடிப் பார்த்து முடித்தார்கள். அம்மா போன கையோடு இவளைத் தனியாக விடக்கூடாதென்று என்ன வேகம் என்று ஊரே சொன்னது. ஜெபசிங் அவளுடைய வாயைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் ஒரு நூல் வெளியே போட்ட வாய். ஒரு நாள் கடற்கரை ரோட்டில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், தின்று முடித்ததும் கோடு அழிந்திருக்கும் என்று பதறிக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். பல்லு கூசுதா என்று கேட்டான் பாவம். ஆமாம் என்றாள். கல்யாணமான மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்து நிற்கும்போது அந்த மனுஷன் யார் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? இதை ஹெப்சியிடம்தான் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள்? “அவரு முழிக்கதுக்கு முன்ன எந்திச்சிக் கோடு போட்டுரு ட்டி” என்றாள் ஹெப்சி, வெகு சாதாரணமாக, வாழ்நாள் முழுவதுக்குமான யோசனை அது.

கண்ணாடிக்குக் கீழே பலகையில் கிடந்த ஹெப்சியின் போன் டிங் என்றது, மறுபடி டிங். “பாத்தியா, நிக்கவே மாட்டேங்கு. அந்த வீடியோவ மூணு லட்சம் பேரு பாத்துட்டாவ. நீ பாத்தியா ட்டி?” சுகிர்தாவின் தாடை ஹெப்சியின் விரலில் இருந்தது, ஆமாம் என்று ஆட்டவும் முடியாது, இல்லை என்று ஆட்டவும் முடியாது. பதில் வருவதற்கு முன்னாலேயே, “பாக்காத, அதுல ஒண்ணுமில்ல, எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான்” என்று ஹெப்சியே சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் துழாவினாள். அப்படியானால் தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, முகம் தெரியவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்று போட்டிருப்பாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. அந்தப் படம் எடுத்த சாயங்காலம் ஒன்றும் பொய் இல்லையே! கஞ்சி பொங்கின அதே புதன்கிழமை. அழுது முகம் வீங்கிக் கிடந்தவளை ஹெப்சி இழுத்துக்கொண்டு போய் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து, “மொதல்ல ஒரு போட்டோ, பொறவு பாரு எப்பிடி மாத்துதேன்னு” என்றாள். கண்ணீர் உப்பு உதட்டில் இருந்தது, அழுகையை அடக்க உதட்டை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தாள், அதனால்தான் படத்தில் அப்படி ஒரு கோடாகத் தெரிகிறது. எப்போதும் அவ்வளவு மோசமில்லை. பிறகு ஹெப்சி முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தாள், கண்ணாடியைக் காட்டினாள். உதடு இருந்தது! அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது சுகிர்தாவுக்கு இன்னும் தோளில் இருக்கிறது. அந்த உதட்டோடு அம்மாவிடம் போய்க் குனிந்து காட்டினாள். அம்மா நல்ல கையால் இவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தொண்டைக்குள் ஏதோ கரகரத்தாள், கண்ணை ஹெப்சி நிற்கும் வாசல் பக்கம் ஓட்டினாள், மறுபடி இவளைப் பார்த்தாள். கஞ்சி இடது ஓரத்தில் வழிந்தது. சாயம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, சபை ஊழியம் செய்த வீட்டுப் பிள்ளைக்கு இதென்ன என்று கோபம், என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலால் அந்த வாயைத் துடைத்துவிட்டாள் சுகிர்தா. நேற்றைய படத்துக்குச் சிரித்த அத்தனை பேரும் அம்மாவின் வாயையும் பார்த்துத்தான் சிரித்தார்கள். இதை நினைத்தபோதுதான் கண் நிறைந்தது.

“ஏ, அழுதியா? எண்ணெ எரிச்சலா?” ஹெப்சி டிஷ்யூவின் முனையை மடித்துக் கண்ணோரத்தில் ஒற்றியெடுத்தாள், மை கலையாமல், அத்தனை பதமாக. இந்தக் கைதான். சவப்பெட்டியில் அம்மாவின் முகத்தை மூடும்போது இவளைத் தாங்கிப் பிடித்ததும் இந்தக் கைதான். வியாழக்கிழமை பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது பின்னால் நின்று தலையில் போட்ட நெட்டைச் சரிபண்ணப் போவதும் இந்தக் கைதான், மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்பது மைனிக்கு உள்ள உரிமை. கேட்டுவிட்டால் இதெல்லாம் என்னவாகும்? கேட்டால் ஹெப்சி அழுவாள், அண்ணன் முறைப்பான், கல்யாண வீட்டில் ஒரு போட்டோவுக்காக நாத்தனார் சண்டை போட்டாள் என்று சொந்தத்தில் ஒரு வருஷம் பேசுவார்கள். அம்மா இல்லை. பிறந்த வீடென்று இனி வந்து நிற்க ஒரு வாசல் என்றால் ஹெப்சியின் வாசல்தான், தலைப் பிரசவத்துக்கு யார் கூட்டி வருவார்கள்? விழுங்கிவிடு சுகிர்தா. ஒரு வார்த்தைதானே, விழுங்கு. ஒருவேளை அந்த அம்மா நிஜமாகவே சொல்லியிருக்கலாம், கேட்டுக் கேட்டு ஹெப்சியின் நாக்கில் ஒட்டியிருக்கலாம், நல்ல வார்த்தையைவிடக் கெட்ட வார்த்தைதான் சீக்கிரம் ஒட்டும். ஆமாம், அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நாக்பூரில் ஒரு மனுஷி, கையைத் தேய்த்துவிட்டவள், மூன்று வருஷமாகத் தினமும் காலையில் இவளுடைய கண்ணாடிக்குள் நின்று திட்டு வாங்குகிறாளே, அவளுக்கு யார் பதில் சொல்வது? கோபம் ஹெப்சியின் மேல்தான் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. படத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டு, ஹெப்சி ஆமாம் ட்டி, அவியதான் சொன்னாவ என்று சொல்லிவிட்டால் போதும், நாளைக்குக் கோயிலில் நிம்மதியாக உட்காரலாம். அவள் ஆமாம் என்று சொல்லட்டும். ஆண்டவரே, அவள் ஆமாம் என்று சொல்லட்டும்.

நடு உதட்டில் கொஞ்சம் மினுமினுப்பு வைத்து, மேல் உதட்டின் வளைவில் வெள்ளையாக ஒரு புள்ளி தொட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள் ஹெப்சி. “முடிஞ்சிது. இப்ப பேசு. எப்பிடி இருக்கு?” கண்ணாடியில் ஒரு அழகான வாய் இருந்தது. யாருடையதோ.

“நாக்பூர்க்காரிய அன்னைக்கு என்ன ட்டி சொன்னாவ?”

“எந்த நாக்பூர்?” ஹெப்சி திரும்பிக் கிண்ணத்தில் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்தாள்.

“எட்வின் வீட்டுல. அவிய அம்மா. என்னப் பத்தி.”

“ஓ, அவியளா? அவிய என்னத்தச் சொல்ல? ஒண்ணும் சொல்லலியே. அவியளுக்கு ரொம்பப் புடிச்சித்தான இருந்துச்சு, அடுத்த வாரமே ஓலை வாசிக்கணும்னு நின்னாவ.” தண்ணீரில் சாயம் ரோஜா நிறமாகக் கரைந்தது, ஹெப்சி பிரஷ்ஷை விரலால் பிழிந்தாள். “அத்தை அப்பிடிக் கெடக்கும்போ நீ நாக்பூருக்குப் போனா இங்க யாரு பாப்பா? எனக்கு அப்பதான் பார்லர் ஆரம்பிச்ச நேரம். ஒங்க அண்ணந்தான் அத்தை கட்டிலுகிட்ட நின்னு போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம்னு…”

பிரஷ் கிண்ணத்தின் விளிம்பில் டக்கென்று நின்றது. சுகிர்தாவுக்கு மணிக்கட்டு வலித்தது. அம்மாவின் நல்ல கை எத்தனை பலமாகப் பிடித்திருந்தது என்று மூன்று வருஷம் கழித்து வலித்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். சொல்ல வாய் இல்லாமல் பிடித்துப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். இவள் சாயம் என்று நினைத்துக்கொண்டு துடைத்துவிட்டு வந்துவிட்டாள். அம்மாவை நான் பார்த்துக்கொண்டிருப்பேனே! அம்மாவை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நானே சொல்லியிருப்பேனே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, என் வாயை எதற்கடி எடுத்துக்கொண்டீர்கள்? இது வாய்விட்டு வரவில்லை. கண்ணாடிக்குள் ஹெப்சி மெல்ல நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஹெப்சிக்கு ஊர் பொறாமைப்படும் உதடு, பென்சிலே தேவைப்படாத உதடு. அந்த இரண்டு உதடும் உள்ளே மடிந்துகொண்டன. ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. அவ்வளவுதான், பயந்துபோனால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. சுகிர்தா அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பஞ்சை எடுத்தாள். தேங்காய் எண்ணெயில் தொட்டு மேல் உதட்டைத் துடைத்தாள், கீழ் உதட்டைத் துடைத்தாள், ஒரு நூல் வெளியே போன கோட்டைச் சுற்றி வந்து துடைத்தாள். பஞ்சு சிவந்தது. அம்மைக் குழி வெளியே வந்தது. பட்டை எண்ணெய் எரிச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. “சுகி, கேளு ட்டி, அது அப்பிடியில்ல…” என்றாள் ஹெப்சி. சுகிர்தா கழுத்துத் துணியை அவிழ்த்து, உதறி, மடித்து, நாற்காலியின் கையில் போட்டாள். செருப்பைக் கால் தேடியது.

“வியாழக்கெழம நானே உடுத்திக்கிடுதேன். நெட் பிடிக்க ஞானசெல்வம் டீச்சர் வருவாவ.” கதவைத் திறந்தாள். கீழே ரோட்டில் ஜெபசிங் பைக்கை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான், பத்திரிகை கொடுக்க இன்னும் நாலு வீடு பாக்கி. பார்க்கட்டும் என்று நினைத்தாள். கைக்குட்டையைத் தேடிப் போன கையைப் பாதியில் இறக்கினாள், பார்க்கட்டும்.

“நான் வாரேன், மைனி” என்றாள்.

அறையில் வேறு யாரும் இல்லை.